அம்மாவின் போனில் ஆன்லைன் விளையாட்டு: பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

புளியங்குடியில் பல வீடுகளில் பிள்ளைக்கென்று தனிப் போன் கிடையாது. இருப்பது அம்மாவின் போன்தான். வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பா வீடியோ காலில் வருவது அதில். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு, பேங்க் எஸ்எம்எஸ், மளிகைக் கடைக்குப் பணம் போடும் ஜிபே எல்லாமே அதில். சாயங்காலம் அம்மா பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்ததும், அதே போனை எடுத்துக்கொண்டு பிள்ளை மாடிக்குப் போகிறான். அப்பா உள்ளூரில் இருந்தாலும், எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை ஏற்றி இறக்கி அலுத்து வந்தவர் சாப்பிட்டதும் படுத்துவிடுகிறார். மாடியில் பிள்ளை யாரோடு பேசுகிறான் என்று கேட்க ஆளில்லை.

இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட வீட்டுக்காக எழுதியது. போனைப் பற்றி அதிகம் தெரியாத அம்மாவும் ஒவ்வொரு படியாகச் செய்து பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு படிகளை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

தொடங்கும் முன்: உள்ளே யார் இருக்கிறார்கள்?

நம் பிள்ளைகள் அதிகம் பேசிக்கொள்ளும் பெயர்கள் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், பிஜிஎம்ஐ. சின்னவர்கள் சிலர் ரோப்லாக்ஸும் விளையாடுகிறார்கள். ஃப்ரீ ஃபயரில் ஒரு மேட்ச்சுக்கு 50 பேர், பிஜிஎம்ஐயில் 100 பேர் இறங்குவார்கள். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு ஸ்குவாட். தெருப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து இறங்கினால் பரவாயில்லை. ஆள் குறைந்தால் விளையாட்டே முன்பின் தெரியாதவர்களைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அவர் பன்னிரண்டு வயதுப் பையனா, நாற்பது வயது ஆளா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. சங்கரன்கோவில் ஆடித்தபசுக் கூட்டத்தில் பிள்ளையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அதே பிள்ளை அதைவிடப் பெரிய கூட்டத்துக்குள் தனியே நிற்கிறான்.

"அதைத்தான் தடை பண்ணிட்டாங்களே" என்று நினைக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். பப்ஜி மொபைலை மத்திய அரசு 2020 செப்டம்பரில் தடை செய்தது உண்மை. 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, 2022 ஜூலையில் முடக்கப்பட்டது, 2023 மே மாதம் திரும்பவும் வந்துவிட்டது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடையானது. அதன் மேக்ஸ் பதிப்பைப் பிள்ளைகள் தொடர்ந்து விளையாடினார்கள். ஆக, தடை பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது.

முதல் படி: "போனைப் பிடுங்க மாட்டேன்" என்று சொல்லுங்கள்

கேட்பதற்கு ஏறுக்குமாறாகத் தோன்றும். ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றப் படிகள் எதுவும் உதவாது.

விளையாட்டில் யாரோ கெட்ட வார்த்தை பேசுகிறார்கள், படம் அனுப்பச் சொல்கிறார்கள், மிரட்டுகிறார்கள் என்று வையுங்கள். பிள்ளை ஏன் நம்மிடம் சொல்வதில்லை? சொன்னால் முதலில் அடி, அடுத்தது போன் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். மிரட்டுகிறவனுக்கும் இது நன்றாகத் தெரியும். "உங்க அம்மாகிட்ட சொல்லிருவேன்" என்பதுதான் அவன் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். அந்த ஆயுதத்தைப் பிடுங்கிப் போடக்கூடியவர் அம்மா ஒருவர்தான்.

அதனால் எதுவும் நடக்காத, எல்லோரும் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு நாளில் சொல்லிவிடுங்கள்: "கேம்ல யாராவது தப்பாப் பேசுனா, பயமுறுத்துனா, படம் கேட்டா எங்கிட்ட வந்து சொல்லுய்யா. நீயே ஏதாவது தப்புப் பண்ணியிருந்தாலும் சொல்லு. அதுக்காக அடிக்க மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன்." வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவோ அப்பாவோ இதையே வீடியோ காலில் ஒருமுறை சொன்னால் பிள்ளைக்கு இன்னும் நம்பிக்கை வரும். சொன்ன பிறகு சொல்லைக் காப்பாற்ற வேண்டும். முதல் தடவை பிள்ளை வந்து சொல்லும்போது கோபப்பட்டுவிட்டால், இரண்டாம் தடவை அவன் வர மாட்டான்.

நேரம் மீறியதற்கோ, படிக்காமல் இருந்ததற்கோ போனை வாங்கி வைப்பது வேறு விஷயம். அதைச் செய்யலாம். உண்மையைச் சொன்னதற்காக மட்டும் வாங்கி வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மேட்ச் பாருங்கள்

ஃப்ரீ ஃபயர் மேட்ச் சுமார் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிஜிஎம்ஐ அரை மணி நேரம் வரை போகும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மேட்ச்சை முழுதாகப் பாருங்கள். ஹெட்செட்டைக் கழற்றி ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். குறை சொல்லாமல் கேளுங்கள்: இது யாரு? உனக்கு எப்படித் தெரியும்? பெயருக்குப் பக்கத்தில் இருப்பது என்ன? பிள்ளைக்குச் சொல்லித்தரப் பிடிக்கும். வீட்டில் அம்மாவுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிகிறதே என்ற பெருமையில் வாய் ஓயாமல் சொல்வான்.

அப்போது மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, நண்பர் பட்டியலில் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிள்ளை நேரில் பார்த்திருக்கிறான். இரண்டு, அவன் எந்தக் கில்டில் சேர்ந்திருக்கிறான். கில்டு என்றால் விளையாட்டுக்குள் இருக்கும் குழு. அதற்குத் தலைவர் உண்டு, தனி அரட்டையும் உண்டு. பல கில்டுகளுக்கு வெளியே வாட்ஸ்அப், டெலிகிராம், இன்ஸ்டாகிராம் குழுவும் இருக்கும். மூன்று, மைக் யார் யாருக்குத் திறந்திருக்கிறது.

நேரில் தெரியாதவர்களை எல்லாம் அன்றைக்கே நீக்கச் சொன்னால் சண்டைதான் வரும். யாரையும் வெளியே வாட்ஸ்அப்புக்கோ இன்ஸ்டாவுக்கோ மாற்றிக்கொள்ளக் கூடாது என்ற ஒரே விதியில் தொடங்குங்கள். கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் முதலில் கேட்பது நம்பரைத்தான். விளையாட்டின் புகார் பட்டன் விளையாட்டுக்குள் நடப்பதற்குத்தான், வெளியே போய்விட்டால் அது உதவாது.

மூன்றாம் படி: மைக்கை அடக்குங்கள்

எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் கவலை தருவது இந்தச் சின்ன மைக் பட்டன்தான். துப்பாக்கிச் சத்தம் பழகிப்போகும். வயதுவந்த ஆண் ஒருவன் ஏழாம் வகுப்புப் பையனிடம் பேசும் பச்சைப் பேச்சு அப்படிப் போகாது.

தமிழ்நாட்டில் இதற்கு ஓர் எச்சரிக்கை ஏற்கெனவே வந்துபோய்விட்டது. 2021 ஜூனில் 'பப்ஜி மதன்' என்ற யூடியூபர் மீது புகார்கள் குவிந்தன. விளையாட்டை நேரலையில் காட்டிக்கொண்டே, கூட விளையாடிய பெண்களை அவர் ஆபாசமாகப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. ஜூன் 18 அன்று தர்மபுரியில் சென்னைப் போலீசார் அவரைக் கைது செய்தார்கள். கைதுக்கு முன்பு முன்ஜாமீன் மனு வந்தபோது, அந்த ஆடியோவைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியே வருத்தப்பட்டார். அதை அதுவரை வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் ஏராளம். பெற்றோர் காதில் அது ஏன் விழவில்லை? பிள்ளை ஹெட்செட் போட்டிருந்தான், அவ்வளவுதான்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள சிக்கலும் இல்லை. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், பிள்ளைகளுக்கும் குரல் அரட்டையைத் தானாகவே திறந்து வைத்திருந்ததாக அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு ஆணையம் குற்றம் சாட்டியது. பிள்ளைகளின் தகவல்களைத் திரட்டியது, ஏமாற்றிக் காசு செலவழிக்க வைத்தது ஆகிய புகார்களும் சேர்ந்து, 2022 டிசம்பரில் அந்த நிறுவனம் 52 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பிள்ளைகளுக்குக் குரல் அரட்டை முதலில் மூடியே இருக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்வில் ஒரு நிபந்தனை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. விளையாட்டின் செட்டிங்ஸுக்குள் ஆடியோ அல்லது வாய்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். 'ஆல்' என்று இருந்தால் அதை மாற்றுங்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மைக், ஸ்பீக்கர் இரண்டுமே 'ஆஃப்'. கொஞ்சம் பெரியவன் என்றால் 'டீம்', அதுவும் நேரில் தெரிந்த நான்கு பேரும் சேர்ந்திருக்கும்போது மட்டும். மைக்கை மூடினாலும் ஸ்பீக்கர் திறந்திருந்தால் மற்றவர் பேச்சு காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும், இரண்டையும் பாருங்கள். வீட்டுக்குள் விளையாடும்போது ஹெட்செட் வேண்டாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. மைக்கில் பெண் குரல் கேட்டதும் தொல்லை கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்காகப் பெண் பிள்ளையை விளையாடவே விடாமல் தடுப்பது அவள் செய்யாத தவறுக்குத் தண்டனை கொடுப்பதாகிவிடும். அவளுடைய தோழிகளோடு ஒரு ஸ்குவாட் அமைத்துக் கொடுங்கள்.

நான்காம் படி: ஊரும் பள்ளியும் வெளியே போகக் கூடாது

ஸ்குவாட் பேச்சு பொதுவாக எப்படிப் போகும் தெரியுமா?

"ப்ரோ, எந்த ஊரு?"
"புளியங்குடி ப்ரோ."
"அது எங்க இருக்கு?"
"சங்கரன்கோவில் பக்கம்."
"எந்த ஸ்கூல்? எத்தனாவது?"

அடுத்த பதிலோடு பிள்ளையின் விலாசமே வெளியே போய்விடும். புளியங்குடி மாதிரி ஊரில் பள்ளியும் வகுப்பும் தெரிந்தால் வீட்டைக் கண்டுபிடிக்க விசாரிக்கவே வேண்டாம். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்: ஊர் கேட்டால் "தமிழ்நாடு" என்று மட்டும் சொல்லு, பள்ளிப் பெயர் கிடையாது, நம்பர் கிடையாது, படம் கிடையாது. விளையாட்டுப் பெயரில் உண்மைப் பெயரோ பிறந்த வருடமோ வேண்டாம். மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் வெளியிட்ட அறிவுரையிலும் உண்மைப் பெயரைக் காட்டாத புனைபெயர் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

வயதைக் கேட்கும் இடத்தில் பிள்ளைகள் 18 என்று போட்டுவிடுகிறார்கள். பிஜிஎம்ஐயில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளைக்கு மூன்று மணி நேர வரம்பு உண்டு. வயதைக் கூட்டிப் போட்டுவிட்டால் அந்த வேலி தானாகவே திறந்துவிடுகிறது. அதனால் கணக்கு தொடங்கும்போது பக்கத்தில் இருங்கள்.

ஐந்தாம் படி: பணம் போகும் வழியை அடைத்துவிடுங்கள்

பல வீடுகளில் ஜிபேயை இயக்குவதே பிள்ளைதான். கடைக்குப் பணம் போட, கரண்ட் பில் கட்ட அம்மா போனைப் பிள்ளையிடம் கொடுத்து, பின் நம்பரையும் சொல்லிவிடுகிறார். டயமண்ட் என்ற விளையாட்டுக் காசை வாங்கப் பிள்ளைக்கு அந்த நம்பர் போதும். வந்த எஸ்எம்எஸ்ஸையும் அழித்துவிட்டால் பேங்க் பாஸ்புக்கில் வரவு செலவு பதியும்வரை யாருக்கும் தெரியாது.

முதலில் யுபிஐ பின் நம்பரை மாற்றுங்கள். அதை அம்மா கையாலேயே போட்டுப் பழகட்டும், நான்கைந்து தடவையில் வந்துவிடும். அடுத்து, யுபிஐ லைட் திறந்திருக்கிறதா பாருங்கள். அதில் போட்டுவைத்த பணம் சின்னத் தொகைகளுக்குப் பின் நம்பர் கேட்காமலே போகும். பிள்ளை விளையாடும் போனில் அது வேண்டாம். யுபிஐ செயலிக்குள் 'ஆட்டோபே' பகுதியில் தெரியாத பெயர் ஏதும் இருந்தால் ரத்து செய்யுங்கள்.

பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள வட்டப் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸில் 'பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்' என்பதைத் தேடுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கேட்க வேண்டும் என்று வையுங்கள். பிள்ளையின் கைரேகை அந்தப் போனில் பதிந்திருந்தால் அதை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பூட்டுப் போட்டும் பயனில்லை. ரெட்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் 'ஆப் லாக்' வசதி உள்ளேயே உண்டு. ஜிபே, வாட்ஸ்அப், மெசேஜ், கேலரி நான்கையும் பூட்டுங்கள். பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

பிள்ளை ஆசையாக ஏதாவது உடுப்போ டான்ஸ் எமோட்டோ கேட்டால், பெருநாளுக்கோ தீபாவளிக்கோ ஒரு சின்னத் தொகைக்குச் சம்மதியுங்கள். கேட்டு வாங்க வழி இருக்கும் வீட்டில் பிள்ளைக்குத் திருடத் தோன்றுவது குறைவு.

ஆறாம் படி: "ஃப்ரீ டயமண்ட்", "ஐடி", "கஸ்டம் ரூம்"

"ஐடி குடு ப்ரோ, டயமண்ட் ஏத்தித் தர்றேன்." இதில்தான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். விளையாட்டுக் கணக்கு அம்மாவின் கூகுள் கணக்கோடு இணைந்திருக்கும். பாஸ்வேர்டைக் கொடுத்தால் போவது விளையாட்டு ஐடி மட்டும் இல்லை. அம்மாவின் மின்னஞ்சல், குடும்பப் படங்கள், தொடர்பு எண்கள் எல்லாமே அந்த ஆளின் கைக்குப் போகும். அதனால் விளையாட்டுக்கென்று தனியாக ஒரு கூகுள் கணக்கு தொடங்குங்கள். அம்மாவின் கணக்கில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வரும் ஏபிகே ஃபைல், ஹேக் ஃபைல், டயமண்ட் ஜெனரேட்டர் எதையும் ஏற்றக் கூடாது. அவற்றில் பல எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் பேங்க் ஓடிபி அங்கே போய்ச் சேரும்.

ஐம்பது ரூபாய் கட்டி 'கஸ்டம் ரூம்' என்ற தனி மேட்ச்சில் இறங்கு, ஜெயித்தால் ஐந்நூறு என்று குழுக்களில் அழைப்பு வரும். காசு வைத்துக் காசு எடுக்கும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்திருக்கிறது. அதற்கு முன்பே, தமிழ்நாட்டின் ஆன்லைன் விளையாட்டு ஆணையம் காசு விளையாட்டுகளில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இடமில்லை என்று விதி போட்டிருந்தது. கட்டிய காசு போனாலும் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, அதை மீட்க இன்னும் கட்டும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

ஏழாம் படி: நேரத்தை மேட்ச் கணக்கில் சொல்லுங்கள்

"ஏழு மணிக்கு நிறுத்து" என்றால் ஏழு மணிக்குப் பிள்ளை மேட்ச் நடுவில் இருப்பான். பாதியில் விட்டால் கூட இருக்கும் மூன்று பேர் தோற்பார்கள், அவன் மேல் கோபப்படுவார்கள். அதனால்தான் நிறுத்தச் சொன்னதும் அந்தக் கத்தல். "இன்னும் ரெண்டு மேட்ச்" என்று பேசி வையுங்கள். சாப்பிடும்போதும் படுக்கைக்குப் போன பிறகும் போன் அம்மாவிடம் இருக்கட்டும்.

தூக்கம், சாப்பாடு, பள்ளி, நட்பு எல்லாம் கெட்டும் மாதக்கணக்கில் நிறுத்த முடியாமல் போனால் அது வேறு நிலை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. 2022 முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் உள்ளது. திட்டித் தீராத நிலை அது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் பார்க்க வேண்டுமானால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

ஏதாவது நடந்துவிட்டால்

பிள்ளை அழுதுகொண்டு வந்து சொல்கிறான், அல்லது சொல்கிறாள். முதலில் "சொன்னது நல்லதாப் போச்சு" என்று சொல்லுங்கள். ஏன் படம் அனுப்பினாய் என்ற கேள்வி அன்றைக்கு வேண்டாம்.

எதையும் அழிக்காதீர்கள். அரட்டை, மிரட்டல், அந்த ஆளின் புரொஃபைல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயரை நம்பாதீர்கள், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடுவான். புரொஃபைலில் யுஐடி என்று நீளமான எண் இருக்கும், அது மாறாது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு விளையாட்டிலேயே ரிப்போர்ட் கொடுத்து பிளாக் செய்யுங்கள். மிரட்டுகிறவனுக்குப் பணம் போடாதீர்கள். ஒருமுறை போட்டால் மறுநாள் அதிகமாகக் கேட்பான்.

பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, அந்தப் பணத்தை அடுத்த கணக்கிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பேங்குக்கும் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பாலியல் தொல்லை என்றால் 1098 குழந்தைகள் உதவி எண், அல்லது பக்கத்துக் காவல் நிலையம். தென்காசியில் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையமும் இருக்கிறது. படம் வெளியே போயிருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச இணையச் சேவை உண்டு. படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை; அதன் அடையாளக் குறியீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களில் பரவாமல் தடுக்க உதவும்.

ஸ்டேஷனுக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான் நம் பக்கத்தில் பல புகார்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது, குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். முடிந்தவரை பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாமல் வர வேண்டும். பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு போனால் தைரியமாகக் கேட்கலாம்.

புகார் கொடுத்ததும் ஒப்புகை எண் தருவார்கள், பத்திரப்படுத்துங்கள். சில நாள் கழித்துப் பிள்ளை "திரும்ப விளையாடட்டுமாம்மா?" என்று கேட்டால், விசாரணைக்குத் தேவையான பழைய ஐடியை அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் புது ஐடி தொடங்கிக் கொடுங்கள். மைக் ஆஃபில் இருக்கட்டும், நண்பர் பட்டியலில் தெருப் பிள்ளைகள் மட்டும் இருக்கட்டும். முதல் மேட்ச்சுக்கு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.